பிளெவின்ஸ் சாருக்கு இன்னொரு பான்கேக்

அந்த ஒப்பந்தப் பேப்பரையெல்லாம் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க சார், சிரப் சொட்டிடப் போகுது. பேனாவையும்தான். புதுசு போல இருக்கே, டீம் பேரெல்லாம் போட்டு. எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க, அடுத்தது கல்லுல வேகுது. அப்பாவும் பிள்ளையும் விடியக்காலைலயே வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாங்க. என் வீட்டுக்காரர் ஹார்லன் ஓட்டற வேகம் உங்களுக்குத்தான் தெரியுமே, பின்னாடி வர டிராக்டர்காரன் ஹாரன் அடிப்பான்.

மணி என்ன? ஒன்பது இருபதா. அட, நிறைய நேரம் இருக்கு. ரெண்டு மணிக்குத்தானே சரித்திர வகுப்பு, உங்க நோட்டுலயும் அப்படித்தானே போட்டிருக்கு? காலேஜும் நாப்பது நிமிஷ தூரம்தான். சட்டம் எனக்கும் தெரியும் சார். ஜூன்ல உங்க பேஸ்பால் டீம் எங்க ராய்ஸத் தேர்ந்தெடுத்த நாள்லேருந்து அத மட்டும்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். முதல் வகுப்புல போய் உக்காந்துட்டான்னா அப்புறம் மூணு வருஷத்துக்கு உங்க யாராலயும் அவன்கிட்ட கையெழுத்து வாங்க முடியாது. அதுவரைக்கும் வாங்கலாம். யாரு உக்காந்து யோசிச்சாங்களோ! ஒரு கால் கிளாசுக்கு உள்ள, ஒரு கால் வெளியன்னு நின்னா என்ன பண்ணுவீங்க? இல்ல சார், நிஜமாத்தான் கேக்கறேன். ஓ, உக்காந்தாத்தான் கணக்கா. சரி சரி.

எனக்கு ஏன் இன்னிக்கு இப்படிச் சிரிப்பு வருதுன்னே தெரியல. காலைலேருந்து மூணு முட்டையக் கீழ போட்டு உடைச்சாச்சு. நாய்க்குத்தான் கொண்டாட்டம்.

ஃபோனா? இல்லையே, அடிக்கலையே. நான் எங்க அதப் பாத்தேன்?

நீங்க சொல்றது புரியாம இல்ல சார். இப்பவே பணம் கைக்கு வரும். இடது கைக்காரன், பதினெட்டு வயசு, அந்த வேகத்துல பந்து எறியறான். நாளைக்குக் கை போயிடுச்சுன்னா ஒண்ணும் கிடையாது. எல்லாம் நிஜம். நேத்து சாயந்திரம் ஃபோன்ல தொகையையும் ஏத்திச் சொன்னீங்க. ஹார்லன் அதக் கேட்டுட்டு நாற்காலில உக்காந்தவர் அரை மணி நேரம் எழுந்திரிக்கல. முப்பது வருஷம் மரம் அறுக்கற மில்லுல நின்னவர் சார். அந்தத் தொகையில எத்தனை பூஜ்யம்னு காத்துல விரலால எழுதிப் பாத்தார். நான் எதிர்ல உக்காந்து சிரிச்சேன். அவர் சிரிக்கல.

இந்தக் கதவத் திறக்கறேன், தலையக் கொஞ்சம் நகத்துங்க. கீழ் ரூமுக்குப் படி. கதவோட உள்பக்கம் பாருங்க. எட்டுப் பேர். நம்ம ஊரு சின்ன லீக் டீமுக்கு வர பசங்கதான். பள்ளிக்கூடம் முடிச்ச கையோட உங்கள மாதிரி யாராவது கையெழுத்து வாங்கி அனுப்பிடறீங்க. அவன் வாங்கற சம்பளத்துல வாடகை எங்க குடுப்பான்? ஊர்க்காரங்க ஆளுக்கு ஒருத்தனா வீட்டுல வச்சுக்கிட்டோம். போற அன்னிக்குப் பேரும் தேதியும் எழுதிட்டுப் போகணும், அதுதான் இந்த வீட்டுச் சட்டம். எட்டு கோடை, எட்டுப் பையன்.

இவன் டோபி. கலிஃபோர்னியா. பாத்திரம் தேய்க்கற சோப்ப எடுத்துத் துணி மெஷின்ல ஊத்திட்டான். நான் படி இறங்கறேன், இடுப்பு வரைக்கும் நுரை, நடுவுல நின்னுக்கிட்டு சாரி மேடம், சாரி மேடம்ங்கறான்! இவன் ரஸ்ஸல், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ரொட்டி. இந்தப் பிள்ளை பெரிய லீக் வரைக்கும் போச்சு. ஆமா, நிஜமா! பதினோரு நாள். தெருவே கூடி டிவில பாத்தோம். உக்காந்திருந்தான். ஆட விடல, பெஞ்சுல நல்லா உக்காந்திருந்தான்.

படிக்கப் பணமா? தெரியும் சார், எல்லார் பேப்பர்லயும் அந்த வரி இருந்துச்சு. ஆட்டம் முடிஞ்சா டீம் செலவுல காலேஜ் போகலாம்னு. எட்டுப் பேர்ல ஒருத்தன் போனான். மத்தவங்களுக்கு வயசாயிடுச்சு சார், இருபத்திமூணு. பதினெட்டு வயசுப் பசங்களோட போய் எப்படி உக்காரறது, வெக்கமா இருக்காதான்னு இந்த ரஸ்ஸல் எனக்கு லெட்டரே போட்டான்.

இந்தாங்க, இது ஓரம் நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு. வேண்டாம்னா எப்படி? ராய்சுக்கும் உங்களுக்கும் அதுதான் வித்தியாசம். அவனுக்கு வேண்டாம்னு சொல்லவே வராது. பிறவிக் கோளாறு. பள்ளிக்கூட டான்சுக்கு ரெண்டு பொண்ணு கூப்பிட்டுச்சு, ரெண்டு பேருக்கும் சரின்னுட்டான். ரெண்டு பூங்கொத்து வாங்கிக்கிட்டு ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்குமா ராத்திரி பூரா ஓடிக்கிட்டிருந்தான். சர்ச்ல பாட வான்னு பாதிரியார் கூப்பிட்டார், போனான். குரல் கேட்டிருக்கீங்களா? கன்னுக்குட்டி. ரெண்டு வருஷம் பாடினான் சார்! எங்களுக்காக வேணாம், ஆண்டவருக்காகவாவது யாராவது நிறுத்தியிருக்கலாம்.

உங்களுக்கும் அவன விட மனசில்ல, தெரியும். மூணு வருஷமா மழை, வெயில் பாக்காம அந்த மைதானத்து வேலிக்கு வெளிய நின்னீங்க. அவனுக்கு முதல்ல நல்ல கிளவுஸ் வாங்கித் தந்தது நீங்க. அவங்க அப்பா வாங்க முடியாத கிளவுஸ். அதெல்லாம் அவன் மறக்கல சார்.

இது ஜோயல். ஜூலை பத்தொன்பது. மத்தவங்களது எல்லாம் ஆகஸ்ட் கடைசி, பாத்தீங்களா? இவனுது மட்டும் ஜூலை.

இல்ல, நீங்க கூட்டிட்டு வந்த பையன் இல்ல. வேற டீம், வேற ஆள். காலைல மைதானத்துக்குப் போனவன் ஒரு மணி நேரத்துல திரும்பி வந்துட்டான். இதோ, நீங்க உக்காந்திருக்கற நாற்காலிதான். கிண்ணத்துல பால ஊத்திட்டு கார்ன்ஃபிளேக்ஸ் போட மறந்துட்டான், வெறும் பாலக் கிண்டிக்கிட்டே இருக்கான். டீம்லேருந்து என்னை அனுப்பிட்டாங்க மேடம், அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க, நான் சொன்னா அழுதுடுவேன்னான். நான்தான் பண்ணினேன் ஃபோன். அந்தம்மா அழல, கத்தல. ஐயையோ, அவன் ரூம தங்கச்சிக்குக் குடுத்துட்டோமே, வந்தா எங்க படுப்பான்னாங்க. அதுதான் கேட்டாங்க.

ராய்சுக்கு அப்ப பன்னெண்டு வயசு. இந்த ஓரத்துல உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டிருந்தான். சாயந்திரமா வந்து, அம்மா, என் ரூம யாருக்கும் குடுத்துடாதன்னான். நீ எங்கயும் போகப் போறதில்லையேடான்னேன்.

காலேஜ்ல மட்டும் கை போகாதான்னா, போகும் சார். போகலாம். போனா, பக்கத்துல உக்காந்திருக்கறவன் பூச்சி பத்திப் படிக்கறான், அவனுக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு பாலம் கட்டப் படிக்கறா. ஒருத்தருக்கும் பந்து எறியத் தெரியாது. கீழ் ரூம்ல என்ன சார் இருந்துச்சு? எறியறவன் போனான், எறியறவன் வந்தான்.

மணி? பத்தேகாலா?

இருங்க! பேசாதீங்க, பேசாதீங்க. ஃபோன எடுக்காதீங்க சார், காசு வீணாப் போயிடும்.

ஒண்ணு. ரெண்டு.

நின்னுடுச்சு. ஹார்லன்தான். காலேஜ் படிக்கட்டுக்குக் கீழ காசு போடற ஃபோன் ஒண்ணு இருக்கு. உக்காந்துட்டான்னா ரெண்டு அடி அடிச்சுட்டு வச்சுடுங்கன்னு சொல்லி அனுப்பினேன். ஜன்னல் வழியாப் பாத்திருப்பார் மனுஷன். தொப்பியக் கழட்டிட்டு.

சரித்திரம் ரெண்டு மணிக்குத்தான் சார், அது மாறல. போன வெள்ளிக்கிழமை இன்னொரு பாடமும் சேத்துக்கிட்டான். மண்ணப் பத்தி. இன்னிக்குப் பத்து மணிக்கு.

நான் எங்க பொய் சொன்னேன்? காலைல வரட்டுமான்னு கேட்டீங்க. வாங்க, பான்கேக் போடறேன்னேன். அவன் இருப்பான்னு சொன்னேனா? வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னேன். போனாங்க!

ஆமா, அவனே நேர்ல வந்து சொல்லியிருக்கணும். நானும் அதத்தான் சொன்னேன். அவர் மூஞ்சியப் பாத்தா கையெழுத்துப் போட்டுடுவேம்மா, எப்படியாவது நீ அவரப் பிடிச்சு வச்சுக்கன்னு அழுதான். ஆறடி ரெண்டு அங்குலம், மூக்க உறிஞ்சிக்கிட்டு. பதினெட்டு வருஷத்துல அவன் முதல் தடவையா ஒருத்தருக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கான், அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கு, பாருங்க.

திட்டுங்க சார், பரவாயில்ல. எனக்குச் சிரிப்பு நிக்கல, மன்னிச்சுக்கங்க.

அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க. எழுதலையே இது. ஓ, திருகணுமா. ஜோயலுக்குக் கீழ எடம் இருக்கு, ராய்ஸ் பேர எழுதிடறேன். இன்னிக்குத் தேதி இருபத்தஞ்சுதானே?

ம். நீங்க சாப்பிடுங்க, ஆறிடும். சிரப் அந்தப் பக்கம் இருக்கு பாருங்க.