வெறும் பென்டிரைவைத் திருப்பித் தரக்கூடாது

ஆன்டிவைரஸ் போடுங்க, பென்டிரைவைச் சோதிச்சுத் திறங்க, முக்கியமானதுக்கு இன்னொரு காப்பி வைங்கன்னு இருபது நிமிஷமா தொண்டை கிழியக் கத்துறேன். முன் வரிசையில அந்த நீலச் சட்டைக்காரர் ரெண்டாவது கொட்டாவி விட்டாச்சு! விடுங்க சார், தப்பில்லை. இது பட்டாத்தான் புத்தி வர்ற சமாச்சாரம். நான் பட்டவன். அதனால ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேட்டுக்குங்க. கதைன்னா கதை இல்லை... என் வீட்டு ஹாலுல நடந்தது.

அப்ப நாங்க திருச்சி பாலக்கரையில ஒரு காம்பவுண்டுல குடியிருந்தோம். நாலு வீடு, ஒரு அடிபம்பு. அந்த நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்... எங்க வீட்டுல! பெரிய தலைக்காரன், டிவி மாதிரி இருப்பான். என் வீட்டுக்காரம்மா அவனுக்குப் பூப்போட்ட துணியில உறை தைச்சுப் போட்டிருந்தா. இன்டர்நெட் போட்டா கீ...ங்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, பக்கத்து வீட்டுல இருந்து, "என்ன, ரிசல்ட் பார்க்கிறீங்களா?"ன்னு கேட்பாங்க. இப்ப ஆளுக்கு ரெண்டு போன் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியுதா நமக்கு? அந்தக் காலம் எனக்கு இன்னும் ஏக்கமாத்தான் இருக்குங்க.

எதிர் வீட்டுல ஹபீபா அக்கா. அவங்க வீட்டுக்காரர் சிக்கந்தர் அண்ணன் சவூதியில, தம்மாமுல வேலை பார்த்தாரு. அந்தக் காலத்துல கடுதாசிக்குப் பதிலா கேசட்டுல பேசி அனுப்புவாங்க, ஞாபகம் இருக்கா? அப்படிப் பதினோரு கேசட். அப்புறம் அண்ணன் அங்கேயே மாரடைப்புல போயிட்டாரு. அடக்கமும் அங்கேயே. அக்காவுக்கு மிஞ்சினது அந்தக் குரல் மட்டும்தான்.

கேசட்டு ஓடி ஓடித் தேஞ்சு, டேப் அறுந்து போக ஆரம்பிச்சுது. நான்தான் டேப் ரெக்கார்டரை வயர் போட்டுக் கம்ப்யூட்டர்ல இணைச்சு, பதினொண்ணையும் ஏத்தி வச்சேன். அதோட அந்தக் கேசட்டுங்க ஆயுசும் முடிஞ்சுது. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா அக்கா வந்துடுவாங்க. "போடு தம்பி." போடுவேன். ஸ்பீக்கர்ல அண்ணன் பேசுவாரு... "ஹபீபா, ஊறுகா தீர்ந்துபோச்சு புள்ள." அக்கா ஸ்பீக்கரைப் பார்த்துச் சொல்லுவாங்க, "அனுப்புறேங்க, அனுப்புறேன்."

என் வீட்டுக்காரம்மா அடுப்படிக்குப் போயிடுவா. அவளால அங்க நிக்க முடியாது.

அவ மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா, "அதை ஒரு சிடியில எழுதி வைங்க." நான் என்ன சொன்னேன்? "நாளைக்கு." எத்தனை நாள் சொன்னேன்? ஒரு வருஷம்!

அக்கா மகளுக்கு நிக்காஹ் வந்துச்சு. பத்திரிகையை நானே டைப் பண்ணி, என் பென்டிரைவுல போட்டுக் கொடுத்தேன். அச்சாபீசுக்குப் போயிட்டு மறுநாள் வந்தாங்க. கைக்குட்டையில சுத்தி, பென்டிரைவை என் கையில வச்சாங்க.

"பத்திரிகை ஆச்சா அக்கா?"

"ஆச்சு தம்பி. ஏனத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதுல்ல... அச்சாபீஸ்காரர்கிட்ட கெஞ்சி நாப்பது பழைய பாட்டு போட்டு வாங்கியாந்தேன். உன் வீட்டுத் தங்கச்சிக்குப் பாட்டுன்னா உசுராச்சே!"

கேட்டீங்களா? குழம்பு கொடுத்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பீங்களா? நாலு முறுக்காவது போட மாட்டீங்க? அந்தப் பழக்கம்ங்க! பென்டிரைவும் அவங்களுக்கு ஒரு கிண்ணம்தான்.

சொருகினேன். ஆன்டிவைரஸ் ஒரு பெட்டியைக் காட்டுச்சு... "சோதிக்கவா? வேண்டாமா?" அக்கா பக்கத்துல நின்னு ஆசை ஆசையாப் பார்க்கிறாங்க. ஒருத்தர் பாசமாக் கொண்டு வந்த பலகாரத்தை, அவங்க கண்ணு முன்னாடி மோந்து பார்ப்போமா? எனக்குக் கூச்சமாப் போச்சு. "வேண்டாம்"னு அமுக்கிட்டேன்.

பாட்டு நல்லாத்தான் பாடுச்சு. மூணாம் நாள் பார்த்தா, கம்ப்யூட்டர்ல ஒரு பாட்டுகூட இல்லை. ஒலி ஃபைல்னு என்னென்ன இருந்துச்சோ, அத்தனையையும் அந்தச் சனியன் அழிச்சிருக்கு. பதினோரு கேசட்டும் சேர்த்து.

ரிப்பேர் பார்க்கிற அந்தோணிராஜ் வந்தாரு. நாள் பூரா தோண்டினாரு. "சார், பென்டிரைவு வழியா வந்த வைரஸ். ஃபைல் மேலேயே குப்பையை எழுதிட்டுப் போயிருக்கு, மீட்க முடியாது. சொருகும்போது கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

"என்ன அமுக்கினீங்க?"



வெள்ளிக்கிழமை வந்துச்சு. அக்காவும் வந்தாங்க. "போடு தம்பி." எப்படிச் சொல்றது? சொன்னேன். நாற்காலியில அப்படியே உட்கார்ந்துட்டாங்க. அப்புறம் கேட்டாங்க, "எப்படிப்பா போச்சு?"

"நெட்டுல இருந்து வைரஸ் வந்துடுச்சு அக்கா." பொய்! வேற என்னங்க சொல்லுவேன்? நீங்க கொடுத்த பாட்டுதான் உங்க புருஷன் குரலை அழிச்சுதுன்னு சொல்லவா?

"அப்ப நான் கொடுத்த பாட்டும் போச்சா? அடடா... தங்கச்சி ஆசையாக் கேட்டுக்கிட்டு இருந்துச்சே." அவ்வளவுதாங்க, நான் உடைஞ்சு அழுதுட்டேன். அந்த அம்மா எந்திரிச்சு வந்து என் தோளைத் தட்டிச் சொன்னாங்க... "ஏன் தம்பி அழுவுற? இது என்ன உன் தப்பா?"

ஆமாங்க. என் தப்பு. அவங்ககிட்ட சொல்ல முடியாததை உங்ககிட்ட சொல்றேன்... முழுக்க முழுக்க என் தப்பு.

இப்பச் சொல்லுங்க, அன்னிக்கு நான் சோதிச்சிருந்தா அது அக்காவைச் சந்தேகப்பட்டதா ஆகுமா? இல்லவே இல்லை! அந்தக் குத்தம் அவங்க தலையில விழாமக் காப்பாத்தினதா ஆகியிருக்கும். கெட்டவன் கொடுத்தா நாமளே உஷாரா இருப்போம். வைரஸ் வர்றது நமக்குப் பிரியமானவங்க கையாலதான். தம்பி அனுப்புற லிங்க், சம்பந்தி அனுப்புற வீடியோ, தோழி தர்ற பென்டிரைவு. கொண்டு வந்தவங்களுக்குக் காபி கொடுங்க, உட்கார வைங்க. கொண்டு வந்ததைச் சோதிங்க. கூச்சப்படாதீங்க!

அப்புறம் அந்த இன்னொரு காப்பி... நாளைக்கு இல்லை, இன்னிக்கு. ஏன் தெரியுமா? அக்கா அதுக்கப்புறமும் எங்க வீட்டுக்கு வந்தாங்க, போனாங்க. ஆனா வெள்ளிக்கிழமை மட்டும் வரலை.