பொன்னெழுத்தில் போட்ட வரி

இல்லை அண்ணை, நான் உங்களிலை கோவிக்கேல்லை. கோவமெண்டால் இப்பிடி இருந்து கதைப்பனே? பாரிசிலை, இந்த லா சப்பல்லை எத்தினை அச்சுக்கடை, நான் செபஸ்டியன் அண்ணை உங்களிட்டைத்தானே வந்தனான். ஆனா ஒரு கலியாணக் காட் அடிக்கேக்கை, "தங்கச்சி, உந்த வரி தேவையோ?" எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லோ? இருநூறு காட்! இருநூறிலையும் பொன்னெழுத்து! ... பொறுங்கோ, மெஷினைப் போடாதையுங்கோ. சொல்லி முடிக்கிறன்.

இந்தா பாருங்கோ. "அஃப்ரிகானர்டொம் பெருங்குடியைச் சேர்ந்த யோஹான்." வாசிக்க வடிவாத்தான் இருக்கு. பிரெஞ்சுப் பக்கத்திலையும் அதே சொல். இது ஆற்றை பிழை? என்ரை மோள் தயாளினியின்ரை பிழை. ஊர் பேர் தெரிஞ்ச பொடியனாப் பாத்திருந்தால் எனக்கு உந்த வரியே தேவைப்பட்டிருக்காது.

தென்னாபிரிக்காப் பொடியன் எண்டாள். நாங்கள் விசாரிக்காமல் பொம்பிளை குடுக்கிற ஆக்களே? எங்கட சுழிபுரம் எண்டால் திரான்சியிலை இருக்கிற ஊராக்களுக்கு ஒரு போன், கனடாவுக்கு ஒரு போன், பின்னேரத்துக்குள்ளை பூட்டன்ரை கதை வரைக்கும் வந்திடும். பொடியன்ரை ஊர் பிரிட்டோரியாவிலை நான் ஆரைக் கேக்கிறது? உந்த ஆர்ஜொந்தெயிலை இருக்கிற மச்சாள் வேறை நாளுக்கு மூண்டு தரம் போன் எடுப்பா. "ஆபிரிக்கா எண்டியள், பொடியன் பால் மாதிரி இருக்கிறான், அவை என்ன ஆக்கள்?" எனக்கெண்டால் தெரியுமே? நான் ஏழாம் வகுப்போடை நிண்டனான்.

அதாலை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டு, ஆட்டிறைச்சியை அள்ளிப் போட்டுக்கொண்டு நேரை கேட்டன். "தம்பி, நீங்கள் என்ன ஆக்கள்?" மோள் என்னை முறைச்சு முறைச்சு அதைப் பிரெஞ்சிலை மாத்தி அவருக்குச் சொன்னாள். "அஃப்ரிகானர்" எண்டார், முந்தி ஒல்லாந்திலையிருந்து போய்க் குடியேறின வெள்ளைக்காரற்றை வழியாம். "அது நீங்கள் ஒராள். எல்லாரையும் ஒண்டாச் சேத்து என்னெண்டு சொல்லுறது?" பொடியன் கரண்டியை வைச்சிட்டு யோசிச்சார். "ஒரு பழைய சொல் இருக்கு மாமி, அம்மாவின்ரை தகப்பன் சொல்லுறவராம், அஃப்ரிகானர்டொம். ஆனா அது..." எண்டு இழுத்தார்.

அண்ணை, எனக்குச் சொல்லு கிடைச்சிட்டுது! சொல்லிலை ஒரு கனம் இருந்துது. ரசம் கொதிக்குது எண்டு எழும்பிக் குசினிக்குள்ளை போய், சாமான் பில்லுக்குப் பின்னாலை எழுதி வைச்சிட்டன். அந்த "ஆனா"வுக்கு ஆர் நிண்டது?

நேற்றுக் காட்டைக் கையிலை குடுத்தன். முதல் சிரிச்சார். பிறகு அந்த வரியைப் பாத்தார். காட்டை முகம் குப்புற மேசையிலை வைச்சார். இவர், என்ரை மனுசன் வாமதேவன், வாயைத் திறக்காத மனுசன், அவரே "என்ன தம்பி?" எண்டு கேட்டிட்டார்.

அது வெறும் ஆக்களின்ரை பேர் இல்லையாம். ஒரு பாஷை, ஒரு கோயில், ஒரு நிறம், எல்லாம் ஒரே கட்டு எண்டு நினைக்கிற நினைப்பாம். இப்பவும் சிலர் நெஞ்சை நிமித்திச் சொல்லுவினமாம், சிலர் பகிடிக்குச் சொல்லுவினமாம், பேப்பர்க்காரர் சும்மாவும் எழுதுவினமாம். ஆனா அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் முந்தி மற்ற ஆக்களை வெளியிலை வைச்சவையாம். வெளியாக்களை மட்டுமே? யோஹான்ரை அம்மா கறுத்த ஆக்களோடை சேந்து ஊர்வலம் போனவவாம், இருபது வயசிலை. "நீ அஃப்ரிகானர்டொம்முக்குத் துரோகி" எண்டு சொல்லித் தகப்பனே வாசல் கதவைச் சாத்தினவராம். பிறகு திறக்கவே இல்லையாம், அண்ணை.

அந்த மனுசி சனிக்கிழமை வந்து இறங்குறா. இறங்கினவுடனை அவவின்ரை பேருக்கு மேலை பொன்னெழுத்திலை அதையே நீட்டுறதே? "அந்த வரி இருந்தால் நான் மணவறைக்கு வரமாட்டன்" எண்டு மோள் அறைக் கதவைப் பூட்டிப்போட்டாள். அவன் யோஹான் கோவிக்கேல்லை, அதுதான் எனக்கு இன்னும் அந்தரமாக் கிடக்கு. போகேக்கை, "உங்களிட்டையும் இப்பிடி ஒரு சொல் இருக்கோ மாமி?" எண்டு கேட்டிட்டுப் போறான். நான் சப்பாத்தை எடுத்துக் குடுக்கிற மாதிரிக் குனிஞ்சிட்டன்.

உண்மையா நீங்கள்தான் ஒருக்காக் கேட்டிருக்க வேணும்... என்ன, என்னத்தைத் தேடுறியள்? உந்தக் கோவை எதுக்கு இப்ப? ... ஓ. ஓம். நான் எழுதித் தந்த தாள், என்ரை எழுத்துத்தான். ஓமண்ணை, "பொன்னெழுத்து" எண்டதும் நான்தான். அடியிலை ரெண்டு கோடும் நான்தான் கீறினனான். "உந்த வரி தேவையோ?" எண்டு பென்சிலாலை பக்கத்திலை எழுதியிருக்கிறது... நீங்களே? நான் அதுக்குக் கீழை "கட்டாயம்" எண்டு வேறை எழுதியிருக்கிறன்.

சரி. அதை வெட்டுங்கோ. "பிரிட்டோரியாவைப் பிறப்பிடமாகவும் பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட யோஹான்". காணும். அவற்றை அம்மாவின்ரை பேரை வடிவாப் பெரிசாப் போடுங்கோ. பொறுங்கோ... இந்தப் பக்கம், எங்கட பக்கம். "சுழிபுரம் உயர்குடி மரபில் வந்த வாமதேவன், இந்திராதேவி" எண்டு கிடக்கெல்லோ? அந்த மரபையும் எடுத்து விடுங்கோ. இல்லை, ஆரும் சொல்லேல்லை. நானாத்தான் சொல்லுறன். சுழிபுரம் மட்டும் நிக்கட்டும். ஆர்ஜொந்தெய் மச்சாள் கேட்டால் இடம் காணேல்லை எண்டு சொல்லுவம்.

வெள்ளிக்கிழமைக்குள்ளை கிடைக்குமோ? கிடைக்கும்? நீங்கள் நல்லாயிருக்க வேணும். ... அண்ணை, கோவிக்காதையுங்கோ, சும்மாதான் கேக்கிறன், நீங்கள் மன்னார் எண்டு தெரியும், மன்னாரிலை எந்தப் பக்கம், ஆற்றை ஆக்...

மெஷினைப் போட்டிட்டியளே?