நாலாவது கோடு

இல்ல சார், மோட்டார் மேல பழியப் போடாதீங்க. அது நல்ல மோட்டார். போட்டா தெருத் தண்ணிய மொத்தமா உறிஞ்சி ஆத்துல விட்டுடும். பிரச்சினையே அதான்.

எங்க ஆராய்ச்சி தெரியும்ல? வெள்ளம் வந்தா ஒரு தெரு எவ்வளவு சீக்கிரம் மீளுதுன்னு பாக்குறது. மூணு காலேஜும் மாநகராட்சியும் கூட்டு. கூட்டுன்னா, நாலு பேர் வண்டி தள்ளுற மாதிரி நிப்பாங்க, ஒருத்தன் தள்ளுவான். அந்த ஒருத்தன் நான். பெரிய புரொஃபசர் குரூப் போட்டோவுக்கு மட்டும் வருவார். பொருளாதார மேடம் 'நிலைத்தன்மை'ன்னு சொல்லாம குடிக்கத் தண்ணிகூட கேக்க மாட்டாங்க.

மோட்டார் ஸ்விட்ச் என் போன்லதான் இருக்கு. தெருக்கோடிப் பள்ளத்து வீட்ல டெய்லரக்கா. அவங்கதான் எங்களுக்கு அளவு சொல்றவங்க. அவங்க சுவத்துல சிவப்புப் பெயின்ட்ல நான்தான் கோடு போட்டேன். வாசப்படில முதல் கோடு, ஜன்னல் உயரத்துல நாலாவது, அதான் கடைசிக் கோடு. தண்ணி ரெண்டாவது கோட்டத் தொட்டதும் அவங்க போன் பண்ணுவாங்க, நான் மோட்டாரப் போடணும்.

ஒவ்வொரு மழைக்கும் ஒழுங்காத்தான் போட்டேன். தெரு முழுகவே இல்ல. போன கூட்டத்துல புரொஃபசர் கேக்குறார்: "என்னப்பா, விழாதவன் எப்படி எழுந்தான்னு கட்டுரை எழுதப் போறியா?" எல்லாரும் சிரிச்சாங்க. வேலை செய்யாத வாய்தான் நல்லா சிரிக்கும். ஆனா அவர் சொன்னது சரிதான் சார். தரவு இல்லன்னா திட்டத்த மூடிடுவாங்க.

அன்னிக்கு மத்தியானம் நல்ல மழை. அக்கா கூப்பிட்டாங்க.

"தம்பி, ரெண்டாவது கோடு தொட்டுடுச்சு. மோட்டாரப் போட்டியாப்பா?"

"போட்டாச்சுக்கா. அடுத்த கோடு வந்தா சொல்லுங்க."

"போட்டா இறங்கணும்லடா? அடுத்த கோடு எதுக்கு?"

"சும்மா ஒரு செக்கிங்."

மத்த வீட்டுக்காரங்க மாடி ஏறிட்டாங்க. அக்கா வீட்டுக்கு மாடி கிடையாது. மூணாவது கோட்டுல திரும்பக் கூப்பிட்டாங்க.

"அத்தை கட்டில்ல கிடக்காங்கப்பா. ஒருத்தியா தூக்க முடியாது. மேல இருந்து யாரையாவது கூப்பிடட்டுமா?"

"வேணாங்கா, இப்ப இறங்கிடும். நீங்க போய்ட்டா கோடு யாரு பாக்குறது?"

"அடேய், ஆராய்ச்சிக்குன்னே பொறந்தவனே"ன்னு சிரிச்சாங்க. என்மேல ரொம்பப் பாசம் சார். என் சட்டையெல்லாம் அவங்க தைச்சதுதான்.

நாலாவது கோட்டையும் சொன்னாங்க. குரல் தடுமாறுச்சு, அளவு தடுமாறல. அதுக்கு மேல நான் கோடு போட்டு வைக்கல. அது என் தப்புதான், ஒத்துக்கறேன்.

அப்புறம் போன் வரல. கொஞ்ச நேரம் பாத்துட்டு மோட்டாரப் போட்டேன். சரசரன்னு இறங்குச்சு. சாயங்காலமே தெருவுல ஆள் நடக்குறாங்க. கிராஃபப் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம்.

கட்டில்ல அவங்க மாமியார், கட்டில் காலப் பிடிச்சபடி அக்கா, ரெண்டு பேருக்கும் மூச்சு இல்ல. தெரியும் சார். நான் தெரியாம எதுவும் பண்ணல.

அவ்வளவு பெரிய கூட்டத்துல உண்மையா உழைச்சது நாங்க ரெண்டு பேர்தான். அதனால கட்டுரையில என் பேருக்கு அடுத்ததா அக்கா பேரப் போடலாம்னு இருக்கேன். புரொஃபசர் குதிப்பார், குதிக்கட்டும். செஞ்சவங்களுக்குச் சேர வேண்டியது சேரணும்ல? நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?