ஊமை வண்டி

இரவு பதினொன்று இருக்கும். ஊரைத் தாண்டிய வெற்றுச் சாலை. முன்னும் பின்னும் ஒரு வெளிச்சம் இல்லை... சிநேகிதன் ஒருவனின் மச்சான் தனியாக வேன் ஓட்டி வந்தான். பின்னால், ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டு சுமக்கும் ரோபோ வண்டி. பேட்டரியைக் கழற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

அந்த வண்டிகளுக்குச் சத்தம் வைப்பதுதான் அவன் வேலை. ரப்பர் சக்கரம், பூனை மாதிரி வரும். ஆள் விலக வேண்டுமே... அதற்காக 'டிங் டிங்' என்று ஒரு மணி. பெரிய டாக்டர் தலைவலி என்று முகம் சுளித்தார். அவரிடம் நல்ல பெயர் வாங்க, யாரையும் கேட்காமல் மணியை அணைத்துவிட்டான்.

மறுநாளே, மாடிப்படி ஓரம் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா ஒருவரை வண்டி பின்னாலிருந்து இடித்தது. படியில் உருண்டவர் எழுந்திருக்கவே இல்லை; உயிர் போய்விட்டது.

அவர் பிறவியிலேயே பேச்சு வராதவர். விசாரணையில் இவன் அதையே பிடித்துக்கொண்டான்.

"மணி அடிச்சிட்டுதான் இருந்துச்சு சார். அந்தம்மாவுக்குக் காதும் கேக்காது."

"அம்மாவுக்கு நல்லா கேக்கும் சார்," என்றாள் மகள். யாரும் பொருட்படுத்தவில்லை. மணி கேட்டதும் அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்குவதை இவன் எத்தனையோ முறை பார்த்தவன். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

விசாரணை முடிந்து, இடித்த அந்த வண்டியைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொண்டுபோன அன்றிரவு, அந்தச் சாலையில்... முதலில் பினாயில் வாடை. பிறகு ஈரத்துணி இழுபடும் சத்தம். சரக்... சரக்... அப்புறம் காதுக்குப் பின்னாலேயே, பழக்கமில்லாத நாக்கால் பேசுவது போல ஒரு பெண் குரல்.

"கேக்குதுப்பா."

வேனை நிறுத்தி இறங்கி ஓடினான். யார் குரல் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. விடியும்வரை சாலையோரம் உட்கார்ந்திருந்தான். பயத்தைவிட வெட்கம்தான் அவனை அதிகம் தின்றது.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொன்னான். வேலை போயிற்று. மாலையில் அந்த மகளின் வீட்டுக்குப் போய், தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னான், சாலையில் கேட்டதையும். அவள் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா குரல் எப்படிங்க இருந்துச்சு? நான் கேட்டதே இல்ல."

அவன் வாயெடுப்பதற்குள், சமையலறைப் பக்கமிருந்து மெதுவாக...

"இப்படித்தான் கண்ணு."

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றாள்.