வைக்கோல் முகம்

ஊனா: ...அப்போ அந்த நாலாவது ஆளு யாருன்னு உனக்குத் தெரியவே இல்லையா?

ஃபெர்கல்: தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? வைக்கோல் முகமூடியைக் கழுத்து வரைக்கும் கவுத்துக்கிட்டு, வாயே திறக்காம உக்காந்தா...

ஊனா: ஹாலோவீனுக்கு முகமூடி போட்டு வர்றவங்க என்னைக்கு வாயைத் திறந்தாங்க? மத்த மூணு பேரை மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சே?

ஃபெர்கல்: அது சுலபம். கொல்லன் பொண்ணுங்க ரெண்டும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. வாத்தியாரை அவர் பூட்ஸே காட்டிக் குடுத்துருச்சு. பேரைச் சொன்னேன், கழட்டிட்டாங்க.

ஊனா: இவருக்கு மட்டும் மூணு தடவை சொல்லி மூணும் தப்பு. முதல்ல தபால்காரர்னே. தபால்காரர் இவர் தோளுக்குக்கூட வர மாட்டார்யா.

ஃபெர்கல்: கால்ல உயரக் கட்டை கட்டிக்கிட்டு வந்திருப்பாரோன்னு...

ஊனா: ரெண்டாவது, பாதிரியார்.

ஃபெர்கல்: ஏன், அவரும் ஒருநாள் விளையாடக் கூடாதா?

ஊனா: மூணாவது, என் தம்பி. அவன் ஆஸ்திரேலியாவுல இருக்கான்.

ஃபெர்கல்: லீவுல வந்திருக்கலாம்ல. ஏன்டி, நீ மட்டும் என்ன கிழிச்சே? பால் வண்டிக்காரன்னே. அவன் அந்த நேரம் ரோட்டுல வண்டியை நிறுத்தி நமக்குக் கையாட்டிக்கிட்டு இருந்தான்.

ஊனா: எனக்கு... ஒரே குழப்பமாயிருச்சு.

ஃபெர்கல்: எனக்கும் அதேதான்.

ஊனா: ப்ரான் ஏன் குலைக்கல?

ஃபெர்கல்: நாய்க்கு வயசாச்சு. மூக்கு போச்சு.

ஊனா: மத்தவங்களைப் பாத்துக் குலைச்சுச்சே. இவர் கால் மேல மட்டும் தலையை வெச்சுக்கிட்டுத் தூங்குச்சு.

ஃபெர்கல்: ...செத்தவங்க யாராவதா இருக்குமோ? அவங்க நடமாடுற நாள்தானே இன்னைக்கு.

ஊனா: செத்தவங்க ரெண்டு துண்டு ரொட்டியை முகமூடிக்கு அடியில தள்ளித் தின்பாங்களா? அடுப்போரம் உக்காந்து அப்படி இருமுவாங்களா?

ஃபெர்கல்: செத்தவங்களுக்கு என்ன வரும் வராதுன்னு எனக்கென்னடி தெரியும்?

ஊனா: உன் கை ஏன் நடுங்குது? பயந்துட்டியா?

ஃபெர்கல்: குளிரு.

ஊனா: அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா? ...சரி, இந்தத் தட்டைப் பாரு. இதுலதான் ரொட்டி குடுத்தேன். அதுல இருந்த உலர்ந்த திராட்சையை எல்லாம் பொறுக்கி எடுத்து ஓரத்துல வெச்சிட்டுப் போனார்.

ஃபெர்கல்: எங்க? ஒண்ணுமே இல்லையே.

ஊனா: அதைத்தான் நானும் கேக்குறேன். எங்க போச்சு?

ஃபெர்கல்: எலி...

ஊனா: எலிக்கு மீசையில ரொட்டித் தூள் ஒட்டியிருக்கு.

ஃபெர்கல்: எந்த மீசையில?

ஊனா: ஃபெர்கல்.

ஃபெர்கல்: வீணாப் போகுதேன்னு தின்னேன். அதுக்கென்ன இப்போ?

ஊனா: சின்ன வயசுல உன் தம்பி டோனல் ஒதுக்கி வெக்கிற திராட்சையை எல்லாம் நீதான் தின்பியாம். உங்கம்மா சொல்லுவாங்க.

ஃபெர்கல்: அந்தப் பேரை இந்த வீட்டுல எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்ல.

ஊனா: அஞ்சு வருஷமா எடுக்கல. எல்லைக் கல்சுவரு ரெண்டடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு அடிச்சுக்கிட்டு, "அவன் மூஞ்சியை என் வீட்டுக்குள்ள பாக்க மாட்டேன்"னு ஊர் முன்னால சத்தியம் பண்ணே. நான் வாயை மூடிக்கிட்டேன். ஆனா திங்கக்கிழமை அவர் கால்வே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறார்யா. நெஞ்சைத் திறக்கப் போறாங்க. திரும்பி வருவாரோ, மாட்டாரோ... அந்த முகமூடியை நான்தான் பின்னிக் குடுத்தேன்.

ஃபெர்கல்: தெரியும்.

ஊனா: என்ன தெரியும்?

ஃபெர்கல்: நம்ம கொட்டகை வைக்கோல் எனக்குத் தெரியாதா?

ஊனா: அப்போ வந்ததுமே...

ஃபெர்கல்: வாசல்ல குனிஞ்சு நுழையும்போதே. எங்கப்பா மாதிரி, இடது தோளை இறக்கி.

ஊனா: தெரிஞ்சுக்கிட்டேவா தபால்காரர்னே?

ஃபெர்கல்: சரியான பேரைச் சொன்னா முகமூடியைக் கழட்டணும். கழட்டினா நான் சத்தியம் பண்ணினவன். வெளிய போடான்னு சொல்லணும். வைக்கோலைப் பாத்து யாருடி பயப்படுவா? அதைக் கழட்டிருவானோன்னுதான் எனக்குக் கை நடுங்குச்சு.

ஊனா: நானும் அதுக்குத்தான்யா பால் வண்டிக்காரன்னேன்.

ஃபெர்கல்: அதுவும் தெரியும். ஜன்னல்ல என்ன பாக்குறே?

ஊனா: மத்தவங்க போயிட்டாங்க. அவர் மட்டும் கேட் பக்கத்துல நிக்கிறார், மழையில.

ஃபெர்கல்: இன்னுமா... என்னத்துக்கு நிக்கிறான்?

ஊனா: எனக்கென்ன தெரியும். உனக்குத்தான் தெரியும்.

ஃபெர்கல்: ...உள்ள வரச் சொல்லு. பேரைச் சொல்லிக் கூப்பிடாதே. முகமூடியோடயே வந்து உக்காரட்டும்.

ஊனா: வைக்கோல் தூசி அவர் நெஞ்சுக்கு ஆகாது. அந்த இருமலைக் கேட்டேல்ல? எவ்வளவு நேரம் அதை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பார்?

ஃபெர்கல்: அடுப்பு வெளிச்சம் தெரியாம மூடிட்டு, விளக்கை அணைச்சிரு. கழட்டிக்கட்டும்.