ஒரு பக்கம்கூட எரியவில்லை

இந்த வருஷம் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் சித்திரை பிறக்கும்போது அது காய்ந்து நிற்கும். தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டின் அடிவாரம் முழுக்க ஒரு பீடித்துண்டுக்காகக் காத்திருக்கும்.

ஸ்டேஷனில் வாக்குமூலமாக எழுதித் தரச் சொன்னீர்கள், பவ்யா மேடம். தருகிறேன். ஸ்கெலட்டன் லைன் படிப்பகத்தின் சாவியைப் பதினெட்டு வருஷம் வைத்திருந்தவன் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் உத்தேசம் எனக்கில்லை.

நீங்கள் பங்காருபேட்டைக்காரர், படிப்பகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் தாத்தா காலத்துப் பௌத்தச் சுரங்கத் தொழிலாளிகள் ஷிப்ட் முடிந்து கல் சுமந்து கட்டியது. ஷாஃப்டிலிருந்து மேலே வந்த கையோடு உட்கார்ந்து மாதம் ஒரு கையெழுத்து ஏடு எழுதினார்கள். அதில் அறுபத்திரண்டு மிச்சம். வெளியூர்ப் பேராசிரியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் மழைக்கு ஒதுங்க வருவார்கள்.

தேவா அப்படியில்லை. தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளை, லீவு நாளில் வந்து ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுப்பான். பிப்ரவரியில் மேட்டுப் புல்லில் தீப்பிடித்து நாற்பதடி தூரம் வரை வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் ஏடுகளை பெங்களூர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தான்.

"இங்க நான் இருக்கேன்ல" என்றேன்.

"நீங்க ஒரு ஆளு, பெரிப்பா. தீ ஒரு ஆளா வருமா?"

படிப்பகக் கமிட்டிச் செயலாளர் யசோதரா டீச்சரும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார். "கோச்சிக்காதீங்கண்ணா. தீ வந்தா நம்மால இன்னா செய்ய முடியும்?" என்றார். ஏப்ரல் இருபதாம் தேதி ஏடுகளை எடுத்துப்போக வண்டி வருவதாக முடிவானது. எனக்கு மனைவி இல்லை, மகள் துபாயில். காலையில் எழுந்தால் போவதற்கு அந்த ஒரு கதவுதான் இருந்தது. அதை எந்தக் கமிட்டியிலும் நான் சொன்னதில்லை.

ஆகவே தீ வந்தாலும் படிப்பகம் நிற்கும் என்று காட்ட நினைத்தேன். தீயை வைத்தது நான்தான்.

ஏப்ரல் பதினாலு. பாபாசாகேப் பிறந்தநாள் ஊர்வலத்துக்கு, தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன் மொத்தமும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்விட்டது. முழங்கால் வலி என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். படிப்பகத்தைச் சுற்றி ஆறடிக்குப் புல்லைச் செதுக்கியாகிவிட்டது. மூன்று ஜன்னல்களின் இரும்புக் கதவுகளையும் முந்தின நாளே சாத்தி, ஓரங்களில் களிமண் அப்பியிருந்தேன். மைன்ஸில் நான் ரெஸ்க்யூ டீமில் இருந்தவன். சுரங்கத்தில் தீப்பிடித்த லெவலை, அந்தத் தளத்தை, அடைத்துக் காற்றை நிறுத்து என்பது எங்களுக்குப் பால்பாடம். பத்தரை மணிக்குப் பின்பக்கம் புல்லில் நெருப்பு வைத்தேன்.

காற்று நான் நினைத்த பக்கம் போகவில்லை. புகை கட்டிடத்தின் மேல் கவிழ்ந்தது. முன்பக்கம் ஓடி வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. இழுத்துப் பூட்டி, அடியில் ஈரச்சாக்கைத் திணித்தேன்.

வெளிச்சுவரில் டோக்கன் பலகை ஒன்று உண்டு. கேஜ் என்கிற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவது மைன்ஸ் வழக்கம். எவன் கீழே இருக்கிறான் என்று பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். படிப்பகத்திலும் அந்த வழக்கத்தை வைத்திருந்தோம். பதினாலாம் ஆணி காலியாக இருந்தது. எவனோ திருப்பி மாட்ட மறந்துவிட்டான் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். பதினாலு தேவாவின் எண். அவனிடம் ஒரு சாவி இருந்ததும் எனக்குத் தெரியும். பூட்டுவதற்கு முன்பே ஆணியைப் பார்த்துவிட்டேன்.

அடைப்பதற்கு முன் ஆளை எண்ணு என்பதும் அதே பால்பாடம்தான். மேலே அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவன் அவன். புகை நாறிய பிறகுதான் கதவுக்கு வந்திருக்கிறான். பூட்டு வெளிப்பக்கம், அவனுடைய சாவி உள்ளே உதவாது.

"பெரிப்பா, நான் உள்ள இருக்கேன்."

கத்தவில்லை. எனக்குத் தெரியாது போல என்று நினைத்து மரியாதையாகத்தான் சொன்னான். "கொஞ்சம் பொறுடா" என்றேன். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருந்தது. ஏணி ஏற முடியாததால் அதை அடைக்காமல் விட்டிருந்தேன். புகை அதன் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. லைனில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கதவை ஏழெட்டுத் தடவை தட்டினான். அப்புறம் இருமல் மட்டும் கேட்டது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். புல் எரிந்து தணிய இருபது நிமிஷம் ஆனது. பிறகு திறந்தேன். மூன்று ஏடுகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கதவடியில் மூச்சில்லாமல் கிடந்தான். காப்பாற்ற நினைத்திருக்கிறான், பாவி. மன்னிப்புக் கேட்க அவன் அம்மா வீட்டுத் தெருவரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

அறுபத்திரண்டும் பத்திரமாக இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன்.

"அஜ்ஜா, வாசல் பக்கம் தீ இருந்துச்சா?" என்று என்னைத் தாத்தா முறை வைத்துக் கேட்டீர்கள். இல்லை. முன்பக்கம் வெறும் தரை. கதவைத் திறந்திருந்தால் இரண்டு எட்டில் வெளியே வந்திருப்பான். உள்ளே காற்றுப் புகுந்திருக்கும், ஏடுகளில் கொஞ்சம் புகை படிந்திருக்கும், அவ்வளவுதான். ஏடுகளுக்காகத்தான் திறக்கவில்லை என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் இருமிக்கொண்டே வெளியே வந்திருந்தால், மறுநாள் கமிட்டியில் அவன் பேசவே வேண்டியிருக்காது. அவன் முகத்தைப் பார்த்தே எல்லோரும் வண்டியை வரச் சொல்லியிருப்பார்கள்.