ஓடுவதற்கு ஒரு பெர்மிட்

ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போட்டும் கை நோகாத கர்ணர், நம் ருவைஸ் எண்ணெய் ஆலையின் நடமாடும் அறிவுச்சுரங்கம், இந்தப் பொங்கல் விழாவின் தலைவர் இன்ஜினியர் கல்யாணசுந்தரம் அவர்களே! ஒரே தீக்குச்சியில் குத்துவிளக்கின் ஐந்து திரியையும் ஏற்றி எங்களை மலைக்க வைத்த அம்மையார் ஜெயலட்சுமி அவர்களே! குடும்பக் குடியிருப்பிலிருந்து வந்து முன்வரிசையை அலங்கரிக்கும் தாய்மார்களே! எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்தான். ஆனாலும் இந்த நாகலிங்கம் உங்களை ஆறு லட்சமாக எண்ணி வணங்குகிறேன்! சாரம் கட்டும் சிங்கங்களே, வெல்டிங் வேங்கைகளே, குழாய் பூட்டும் குன்றுகளே! என் பேச்சு எப்போது முடியும் என்று கரண்டியும் கையுமாகக் காத்திருக்கும் மெஸ் மன்னர் கௌஸ் முகம்மது அவர்களே! காத்திருங்கள். பொங்கல் ஆறலாம், என் நெஞ்சின் கொதிப்பு ஆறாது!

எனக்குக் கொடுத்த தலைப்பு 'உழவும் உழைப்பும்'. அருமையான தலைப்பு. அதை எனக்குப் பின்னால் பேசுகிறவர் பார்த்துக்கொள்வார். நான் பேஸ்பால் பற்றிப் பேசப் போகிறேன்.

யாரங்கே சிரிப்பது? கார்மேகமா? எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு அமெரிக்க விளையாட்டு எதற்கு என்று கேட்கிறாய். எட்டாம் வகுப்பை நீ ஒருமுறைதான் படித்தாய். நான் மூன்றுமுறை படித்தவன்! ஆகவே உன்னைவிட மூன்று மடங்கு தெரிந்தவன்!

தாய்மார்களுக்காக விளையாட்டை விளக்கிவிடுகிறேன். மைதானத்தில் நான்கு மூலை. எதிரி பந்தை எறிவான். நாம் உலக்கை போன்ற கட்டையால் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு ஒவ்வொரு மூலையாகத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டும். நான்கையும் தொட்டுவிட்டால் ஒரு ரன். நடுவில் பந்தோடு வந்து எவனாவது நம்மைத் தொட்டுவிட்டால் கலாஸ், ஆள் அவுட். அவ்வளவுதான் விளையாட்டு. இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காக்காரனுக்கு நூறு வருஷம் ஆயிற்றாம். எனக்குப் புரிய ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது.

இந்தக் கட்டையையும் கையுறையையும் இங்கே விட்டுவிட்டுப் போனவர் அமெரிக்க இன்ஜினியர் வாலஸ். நாடு திரும்பும் நாளில், பைப் ஷாப் வாசலில், எல்லோரும் பார்க்க என் தோளில் கை வைத்தார். "நாகலிங்கம், நீ எங்கள் ஊரில் பிறந்திருந்தால் உன் முகத்தை நாணயத்தில் அடித்திருப்போம்" என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார். 'குட்' என்றார். பொருள் விரித்தால் அதுதான் வரும்!

இரண்டாயிரத்து மூன்றில் நான் அடித்த முதல் பந்து இன்னும் கீழே விழவில்லை. கடலில் போன எண்ணெய்க் கப்பல் அதைக் கண்டு சங்கு ஊதிற்று. என்ன? "அது ஷிப்ட் முடிஞ்ச சங்குண்ணே" என்கிறீர்களா? இருக்கட்டுமே! ஆலையும் சேர்ந்து ஊதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட நம் 'ருவைஸ் ராஜாளிகள்' அணி நான்கு ஆண்டில் பதினேழு ஆட்டம் ஆடியது. பதினேழும் தோற்றது. ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் தோற்றது! இப்போது கேம்ப் பாஸ் சொல்லிவிட்டார்: அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்துக் கம்பெனியின் பிலிப்பைன்ஸ் சகோதரர்களிடம் பதினெட்டாவதாகவும் தோற்றால், நம் மைதானம் பஸ் நிறுத்தும் இடம். நாம் வியர்வை சிந்திய மண்ணில் பஸ் ஆயில் சிந்துவதா? நாம் விழுந்து எழுந்த இடத்தில் டயர் உருண்டு படுப்பதா? சொல்லுங்கள் தோழர்களே, விடலாமா?

சத்தம் போதாது. சரி, வயிறு காலி. மன்னிக்கிறேன்.

அமெரிக்காவில் பெரிய பெரிய அணிகள் தோற்றால் என்ன செய்கின்றன? கிழடுகளைக் கழித்துவிட்டு இளசுகளைச் சேர்க்கின்றன. மறுகட்டுமானம் என்று அதற்குப் பெயர். மூன்று வருஷம் தோற்றுக்கொண்டே வளர்த்து, பத்து வருஷம் ஜெயிப்பது. இதில் ஒரு நல்ல செய்தி: அந்தத் தோற்கும் பகுதியை நாம் முன்கூட்டியே முடித்துவிட்டோம்!

மறுகட்டுமானத்தை நான் போன வருஷமே தொடங்கிவிட்டேன். நம் பழைய ஆட்டக்காரர் சேதுபதியை ஃபஹாஹீல் கேம்ப்புக்குக் கொடுத்தேன். வயது நாற்பத்தெட்டு, முட்டியில் எண்ணெய் இல்லை. ரூவி கேம்ப்பிலிருந்து இரண்டு இளைஞர்களை வாங்கினேன். "அது கம்பெனி ட்ரான்ஸ்பர் மாமா!" என்று ஒரு குரல். கையெழுத்துப் போட்டது கம்பெனி. மனசு வைத்தது நான்!

இளசுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? தோளைப் பார்க்காதீர்கள், தொடையைப் பார்க்காதீர்கள். மெஸ் வரிசையில் நின்று பாருங்கள். நம் கௌஸ் முகம்மது குப்பூஸ் ரொட்டியை எப்படிப் பரிமாறுவார்? எறிவார்! தட்டு எங்கே, ஆள் எங்கே என்று பார்க்கவே மாட்டார். பத்துப் பேரில் எட்டுப் பேர் குனிந்து பொறுக்குகிறோம். பருப்பை ஊற்றிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவனோடு பேசிக்கொண்டே, திரும்பாமல் கையை மட்டும் நீட்டிப் பிடிக்கிறானே ஒருவன், அவன்தான் நாளைய நட்சத்திரம்! அப்படிக் கண்டெடுத்த முத்துதான் முதுகுளத்தூர் தந்த மின்னல், சாரம் கட்டும் அன்பரசன். எழுந்து நில்லப்பா. வெட்கப்படாதே. வயது இருபத்திரண்டு. இங்கே வந்த எட்டாம் நாளே, பஸ்ஸைப் பிடிக்க ஓடியதற்காக வார்னிங் லெட்டர் வாங்கிய தங்கம்!

நாம் ஏன் தோற்றோம்? தோள் இல்லையா? இருக்கிறது! துணிவு இல்லையா? இருக்கிறது! கட்டை இல்லையா? மூன்று இருக்கிறது! பிறகு ஏன் தோற்றோம்? தாய்மார்களே, ஓடவில்லை. அடித்துவிட்டு, நாங்கள் நடந்தோம்.

ஆலைக்குள் ஓடக்கூடாது, கைப்பிடியைப் பிடித்து நட. முதல் நாள் வகுப்பில் சொன்னதை இருபது வருஷமாகக் காலில் எழுதி வைத்திருக்கிறோம். நம் மைதானம் கம்பெனி வேலிக்கு உள்ளே இருக்கிறது. இதோ அமர்ந்திருக்கும் சேஃப்டி ஆபீசர் செய்கு அலாவுதீன் பாய், தங்கமான மனிதர், தெளிவாகச் சொன்னார்: "வேலிக்குள்ள இருக்குறது எல்லாம் சைட்டுதான் நாகலிங்கம்." பிலிப்பைன்ஸ்காரர்கள் ஓடுகிறார்களே என்றேன். "அவுக விசிட்டர்" என்றார். விசிட்டர் ஓடலாம், வீட்டுக்காரன் நடக்க வேண்டும்! வேலிக்கு மேலே அடித்தால் நடந்தே வந்து ரன் எடுக்கலாம். அப்படி எடுத்ததுதான் நாம் எடுத்ததெல்லாம்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் பன்னிரண்டு, நாம் பதினொன்று. நமக்குக் கடைசி வாய்ப்பு, இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மூன்றாம் மூலையில் நம் ஆள் ஒருவர் நிற்கிறார். அன்பரசன் அடித்தான்! பந்து வேலியில் இடித்து உருண்டது. அன்பரசன் லெட்டரை மறந்தான், வகுப்பை மறந்தான், ஓடினான்! முதல் மூலை, இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை! ஆனால் முன்னால் போகிறவரை முந்தக்கூடாது, முந்தினால் அவுட். முன்னால் போனவர் எப்படிப் போனார்? இடமும் பார்த்தார், வலமும் பார்த்தார், அங்கே இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"ஓடுங்க மாமா! இல்லேன்னா உருளுங்க மாமா!" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினான் அன்பரசன்.

"பொறுடா, லெட்டர் குடுத்துருவாக" என்றார் அவர்.

பந்தோடு வந்த பிலிப்பைன்ஸ் தம்பி அவர் முதுகைத் தொட்டு, "சாரி அங்கிள்" என்றான். ஆட்டம் முடிந்தது. இருவரும் நான்காம் மூலைக்கு வந்து சேர்ந்திருந்தால் பதின்மூன்று. வெற்றி! கெடுத்த அந்த ஒருவர் யார்?

கத்தாதீர்கள். ஆமாம், நான்தான்! அணித் தலைவன் நாகலிங்கம்தான்! மைக்கில் சொல்லிவிட்டேன், இனி ரூமில் சொல்லிக் காட்டக் கூடாது.

மறுநாள் லெட்டர் வந்தது. நடந்து கெடுத்த எனக்கு இல்லை; ஓடிய அன்பரசனுக்கு. இரண்டாவது லெட்டர். அவன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். "மாமா, இனிமே நானும் நடக்கத்தான் செய்வேன். மூணாவது லெட்டர் வந்தா ஊருக்கு ஏத்திருவாக. வந்து மூணு மாசம் ஆகல, என்னத்தச் சொல்லிட்டுப் போயி எறங்குவேன்?" என்றான். தோழர்களே, நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. கௌஸ் முகம்மது, தலையை ஆட்டாதீர்கள். குறைவாகச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள், டேங்க் வேலையில் நிற்கிறேன். எதிரே வெல்டிங் நடக்கிறது. பளிச்சென்று என் மண்டைக்குள்ளும் ஒரு பொறி! ஆலையில் நெருப்பு கூடாது. ஆனால் வெல்டிங் செய்கிறோமே, எப்படி? பெர்மிட்! டேங்குக்குள் இறங்கக் கூடாது. இறங்குகிறோமே, எப்படி? பெர்மிட்! குழி தோண்டக் கூடாது. தோண்டுகிறோமே, எப்படி? நீங்களே சொல்லுங்கள்! ஆம், பெர்மிட்! நெருப்புக்கு உண்டு பெர்மிட், குழிக்கு உண்டு பெர்மிட், கிரேனுக்கு உண்டு பெர்மிட், என் காலுக்கு ஏன் இல்லை பெர்மிட்? நான்கு வருஷம்! பதினேழு தோல்வி! கட்டையைக் குறை சொன்னோம், காற்றைக் குறை சொன்னோம், காகிதம் ஒன்று எழுதிக் கேட்டோமா? ஒரு போல்ட்டைத் திருகவும் பெர்மிட் கேட்கிற நாம், ஓடுவதற்குக் கேட்கவில்லையே!

இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது படிவம். தலைவர் முன்னால் வைக்கிறேன். வேலையின் விவரம்: ஓடுதல். இடம்: மைதானம், நான்கு மூலைகளுக்கு இடையில். நேரம்: அடுத்த வெள்ளி மாலை மூன்று முதல் ஐந்து. முன்னேற்பாடு: ஷூ கயிறு இரட்டை முடிச்சு, குடிதண்ணீர் இரண்டு கேன். ஏற்படக்கூடிய ஆபத்து: வெற்றி.

தலைவர் படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிக்கிறார். என்ன சார்? "ஒன்பதாவது ஆள் பேர் எழுதலையே நாகலிங்கம்?" என்று கேட்கிறார்.

உண்மை. படிவத்தில் ஒன்பது வரி. எட்டை நிரப்பிவிட்டேன். அன்பரசன் முதல் பெயர். ஒன்பதாவது வரியை அன்றிலிருந்து வெறுமையாகத்தான் வைத்திருந்தேன். அந்த வரிக்கு இரண்டு பேர். ஒருவன் விஜயபாஸ்கர், போன மாதம் வந்தவன், இடது கையால் குப்பூஸ் பிடிப்பவன். இன்னொருவன், வாலஸ் கை வைத்த தோளுக்குச் சொந்தக்காரன், கப்பலைச் சங்கு ஊத வைத்தவன், வயது ஐம்பத்திரண்டு. பெர்மிட் கொடுத்தாலும் அவன் கால் நம்பாது. நேற்று ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓடிப் பார்த்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

பேனாவைக் கொடுங்கள் சார். எழுதுகிறேன். விஜயபாஸ்கர்.

கைதட்ட வேண்டாம், இன்னும் ஒரு வரி பாக்கி. கீழே பாருங்கள்: வெளியே நிற்கும் ஆள். டேங்குக்குள் ஆட்கள் இறங்கினால் வாசலில் ஒருவன் விசிலோடு உட்கார வேண்டும். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எண்ண வேண்டும். அத்தனை பேரும் வந்து சேரும்வரை தாகம் எடுத்தாலும் நகரக்கூடாது. அந்த வரியில் என் பெயரை எழுதுகிறேன். நாகலிங்கம். நான்காம் மூலைக்குப் பக்கத்தில் நிற்பேன். ஒன்பது பேரும் ஓடி வந்து சேரும்வரை நகர மாட்டேன். நகராமல் நிற்பதில் என்னை வெல்ல பிலிப்பைன்ஸில் ஆள் கிடையாது!

இனி கையெழுத்துதான். பேனா காற்றிலேயே நிற்கிறது சார். தலைவர் செய்கு அலாவுதீன் பாயைப் பார்க்கிறார். பாய் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்க்கிறார். ஜெயலட்சுமி அம்மா, நீங்களாவது சொல்லுங்கள். என்ன சொன்னீர்கள்? "போட்டுக் குடுங்களேன், பொங்கல் ஆறிடும்!" கேட்டீர்களா தோழர்களே? ஆறு லட்சம் தாய்மார்களின் குரல்!

போட்டுவிட்டார்! பாயும் ஓரத்தில் சின்னதாகப் போட்டுவிட்டார்! அன்பரசா, இந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வை. அடுத்த வெள்ளி மூன்று மணிக்கு உன் கால்கள் சட்டப்படி உன்னுடையவை!

பேச விட்ட தலைவருக்கும், கையெழுத்து வாங்கித் தந்த அம்மாவுக்கும், கேட்ட செவிகளுக்கும், கேட்காமல் தூங்கிய கார்மேகத்துக்கும் என் நன்றி, அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்து! கௌஸ் முகம்மது, மூடியைத் திறங்கள்!

அடேய், அடேய், மெதுவாக! தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்! நடந்து வாருங்கள்! பெர்மிட் அடுத்த வெள்ளிக்குத்தான்! வணக்கம்!